பெயர்ப்பலகை இல்லாத கராஜும் எங்கள் ஆமையின் முன்கண்ணாடியும்

மூன்று நாளில் தருவதாகச் சொன்ன காரைப் பத்தொன்பதாவது நாள்தான் தந்தார்கள். பற்றுச்சீட்டு தரவில்லை. போன் எடுத்தால் பத்துக்கு இரண்டு தடவைதான் பதில். அப்படியிருந்தும் அந்தக் கராஜுக்கு ஐந்தில் நாலரை நட்சத்திரம் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். மிச்ச அரை எங்கே போனது என்பதையும் சொல்கிறேன்.

கார் 1966ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டில். சிங்களத்தில் இப்பா என்பார்கள், எங்கள் வீட்டில் ஆமை. அப்பாவின் கார். ஸ்ரீ இலக்கத்தகடு. 6 வோல்ட் பற்றரி என்பதால் இரவில் அதன் முன்விளக்கு கார்த்திகை விளக்கீட்டுச் சுட்டியை விடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். அப்பா போய் ஆறு வருடமாகிறது. விற்கிறீர்களா என்று ஒழுங்கையில் போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு அந்தக் கேள்வி இன்னும் கூடிப்போனது. நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், மரைன் டிரைவிலிருந்து இரண்டு வீடு தள்ளி. கடல் காற்று எங்கள் ஜன்னல் கம்பியைத் தின்றது, பிரிட்ஜின் காலைத் தின்றது, காரையும் விடவில்லை.

கதை இரண்டு வருடத்துக்கு முன் தொடங்குகிறது. முன்னால் போன லொறியிலிருந்து ஒரு கல் தெறித்து முன்கண்ணாடி வெடித்தது. கண்ணாடி மாற்றுவதையே தொழிலாகச் செய்யும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். குளிரூட்டிய அறை, சோபா, தேத்தண்ணி. அரை நாளில் வேலை முடிந்தது. அவர்கள் போட்ட லமினேட்டட் கண்ணாடி நல்ல கண்ணாடிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி விளிம்பு றப்பரைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ பூசி, விரலால் வழித்து, அழகாகத் தந்தார்கள். ஒரு கிழமைக்குக் காருக்குள் வினாகிரி மணம். அச்சாறுப் போத்தல் உடைந்துவிட்டதோ என்று பின் சீற்றுக்கு அடியில்கூடத் தேடினேன்.

அடுத்த மே மாதம் மழை தொடங்கியது. காலி வீதியில், பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறேன், வலது கால் செருப்புக்குள் தண்ணீர். டாஷ்போர்ட்டுக்குக் கீழே பியூஸ் பெட்டி இருக்கும் இடத்தில் ஒரு துளி, பிறகு இன்னொரு துளி. திரும்பக் கொண்டுபோனபோது, 'பழைய கார் எண்டால் ஒழுகும்தானே மிஸ்' என்று சொல்லி இன்னொரு ரியூப் சிலிக்கனைப் பிதுக்கிவிட்டார்கள். மூன்றாம் தடவை போனபோது, 'மிஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாங்களேன், அவருக்கு விளங்கப்படுத்தலாம்' என்றார்கள். மிஸ்டருக்குக் கார் ஓட்டவே தெரியாது. நாலாம் தடவை நான் போகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போதைய கார்களில் முன்கண்ணாடியைப் பசை போட்டு உடம்போடு ஒட்டிவிடுகிறார்கள். பழைய கார்களில் பசையே கிடையாது. கண்ணாடியைச் சுற்றி ஒரு தடித்த றப்பர், இங்கே எல்லோரும் பீடிங் என்று சொல்வது. அதில் உள்பக்கம் ஒரு தவாளிப்பு, அதற்குள் கண்ணாடி இருக்கும். வெளிப்பக்கம் இன்னொரு தவாளிப்பு, அது காரின் தகர விளிம்பைக் கவ்விக்கொண்டிருக்கும். எங்கள் காரில் முகப்பில் மூன்றாவதாக ஒரு சின்ன வெட்டும் உண்டு. அலங்கார அலுமினியப் பட்டி அதற்குள் போகும். றப்பர் சரியான அளவாயும் தகர விளிம்பு நேராயும் இருந்தால் தண்ணீர் உள்ளே வராது. இரண்டில் ஒன்று பிழைத்தால் எத்தனை ரியூப் பிதுக்கினாலும் வரும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியாது. சொல்லித் தந்தவர் நான் இப்போது பாராட்ட வந்திருக்கும் பாஸ், அந்தக் கராஜின் மூத்த மெக்கானிக்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒருவர்தான் இடத்தைச் சொன்னார். ஆமர் வீதிச் சந்தியிலிருந்து கிராண்ட்பாஸ் பக்கமாகப் போனால் ஓர் ஒழுங்கை, அதன் முடிவில் பலாமரம், மரத்துக்குக் கீழே நான்கு தகரக் கூரை. பெயர்ப்பலகை இல்லை. நான் போன அன்று ஒரு மொரிஸ் மைனர், கதவில்லாத ஒரு ஒஸ்ரின், எஞ்சின் கழற்றிய இன்னொரு ஆமை நின்றன. பாஸுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஹற்றன் பக்கத்தவர், பதினைந்து வயதில் கொழும்புக்கு வந்தவராம். வந்த நாளிலிருந்து இதே ஒழுங்கை.

காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டார்.

"சிலிக்கன் போட்டாங்களா மிஸ்?"

"ஓம்."

"போட்ட புதுசுல வினாகிரி மாதிரி மணந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மணம் அசற்றிக் அமிலமாம். சாதாரண சிலிக்கன் இறுகும்போது அதை விடும், அது தகரத்தில் பட்டால் துரு இன்னும் வேகமாய்ப் பிடிக்கும். 'ஒழுக்கை அடைக்கப் போட்டதுதான் ஓட்டை போட்டிருக்கும்' என்றார். பிறகு ஒரு வசனம் சொன்னார், அதற்காகத்தான் காரை அங்கே விட்டேன்: "கண்ணாடிய விடுங்க மிஸ், அது எங்கயும் ஓடாது. மொதல்ல தகரத்தப் பாப்போம்."

"எப்ப தருவீங்கள்?"

"மூணு நாளு."

"ஆடிவேலுக்கு முன்னம் வேணும்."

"அது வரைக்கும் எதுக்கு மிஸ், அதுக்கு முன்னாடியே குடுத்துருவோம்."

பிளேட்டால் பழைய பீடிங்கின் உதட்டை வெளிப்பக்கமாகச் சுற்றி அறுத்தார். உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ளக் கண்ணாடி முழுசாக வந்தது. அதன்பிறகு சிலிக்கனை நகத்தாலும் உளியாலும் சுரண்டவே ஒரு பின்னேரம் போனது. கீழ் மூலை இரண்டிலும் துரு. வலது மூலையில் பாஸ் சுட்டுவிரலை வைத்து அழுத்தினார், பிஸ்கற் மாதிரி நொறுங்கி விரல் மறுபக்கம் வந்தது. 'இதுலதான் உங்க செருப்பு நனைஞ்சிச்சு' என்றார்.

மேல் விளிம்பில் துரு இல்லை. பீடிங் மூடியிருந்த அரை அங்குல அகலத்துக்கு அங்கே பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. நீலம். எனக்குத் தெரிந்த நாள் முதல் எங்கள் கார் வெள்ளை. இரவு அம்மாவிடம் கேட்டேன். எண்பத்திநாலில் அப்பா அடித்த வெள்ளையாம். '83 கலவரத்துக்குப் பிறகு, அந்த நீலக் காரை எல்லாருக்கும் தெரியும் எண்டு சொன்னவர்,' என்றுவிட்டு அம்மா சோற்றைப் போடத் தொடங்கினா. அப்போது எனக்கு ஐந்து வயது. அந்த நீலத்தை ஒரு விரலளவாவது விடச் சொல்லிப் பாஸிடம் கேட்டேன். 'புது பீடிங் மூடிரும், யாருக்கும் தெரியாது' என்றார். தெரியத் தேவையில்லை, இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இதற்குத் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்க வழியிருந்தால் கொடுப்பேன்.

மூன்று நாள் பத்தொன்பதானது இங்கிருந்துதான். பாதிப் பழி என்மேல். பீடிங்கை நானே வாங்கித் தருகிறேன் என்று பஞ்சிகாவத்தைக்குப் போய், 'பீட்டில் பீடிங்' என்று கேட்டு 7,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். கண்ணாடியில் மாட்டிப் பார்த்தால் ஒரு சாண் குறைகிறது. 1965ஆம் ஆண்டு மொடலிலிருந்து பீட்டிலின் முன்கண்ணாடி மேல்நோக்கிப் பெரிதாகி, கொஞ்சம் வளைந்தும் போனது. அதற்கு முந்தியது சின்னது, தட்டையானது. எனக்குக் கிடைத்தது முந்தியதுக்கானது. கடையில் திருப்பி எடுக்கவில்லை. நீங்கள் வாங்கப் போவதானால் கார் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், வருடத்தைச் சொல்லுங்கள். அலுமினியப் பட்டிக்கான வெட்டு இருக்கிறதா என்று மடித்துப் பாருங்கள். வெட்டில்லாத வகையும் உண்டு, அதில் பட்டியைப் பிறகு திணிக்கவே முடியாது.

சரியானது லண்டனிலிருந்து வந்தது. மச்சாள் கோயில் திருவிழாவுக்கு வர இருந்தா, அவவின் பெட்டிக்குள் பாம்பு மாதிரிச் சுருண்டு வந்தது ஒரு ஜெர்மன் பீடிங். றப்பர் மரம் நிற்கும் நாட்டுக்கு றப்பர் கொண்டு வந்திருக்கிறேன் என்று கட்டுநாயக்காவிலிருந்தே பகிடி. 1876இல் கம்பகாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் முதல் றப்பர் கன்றுகளை நட்டார்கள், களுத்துறை, கேகாலை என்று எங்கும் பால் வெட்டுகிறார்கள், எனக்கு மட்டும் றப்பர் விமானத்தில். ஆனால் விஷயம் வேறு. நல்ல பீடிங் மரத்துப் பாலில் செய்வதல்ல, ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பர். மரத்து றப்பர் இழுபடுவதில் கெட்டி, ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டால் நுண்ணிய வெடிப்பு விடும். வெள்ளவத்தை வெயிலுக்கு ஈபிடிஎம் தான் தாங்கும்.

இதற்கிடையில் டிங்கர் வேலை நடந்தது. துருப்பிடித்த மூலைகளை வெட்டி, புதுத் தகரம் வைத்து, வெல்டிங் பண்ணி, விளிம்பைப் பழைய உயரத்துக்கு அராவினார்கள். அதைப் பாஸ் வேறு யாரையும் தொடவிடவில்லை. விளிம்பு ஒரு இடத்தில் தடித்தால் பீடிங் அங்கே கவ்வாது, மெலிந்தால் ஆடும். பிறகு பிறைமர், பெயின்ட், காய விட்ட நாட்கள். நடுவில் போயா விடுமுறை, நடுவில் ஒரு செத்த வீடு. நான் போன் எடுப்பேன், அடிக்கும், எடுக்க மாட்டார். நேரில் போனால் தேத்தண்ணி வரும். ஆடிவேல் ரதம் காலி வீதியால் போனபோது நான் வீதியோரம் கும்பிட்டுக்கொண்டு நின்றேன், கார் ஆமர் வீதியில் கண்ணில்லாமல் நின்றது.

பூட்டுகிற அன்று காலை போனேன். பீடிங்கை வெயிலில் தகரத்தின்மேல் விரித்து வைத்திருந்தார்கள். சூட்டில் இளகி, கையில் எடுத்தால் வெந்த மரவள்ளி மாதிரித் தொய்ந்தது. பழைய கம்பளியை மேசையில் விரித்து அதன்மேல் கண்ணாடியைப் படுக்க வைத்து பீடிங்கை ஏற்றினார்கள். மூலைக்கு மூலை பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான். அடுத்தது அலுமினியப் பட்டி. அது இடம் வலமாக இரண்டு துண்டு, நடுவில் சின்னக் கிளிப்பால் சேரும். கண்ணாடி காரில் ஏறுவதற்கு முன்னமே இதைப் போட்டுவிட வேண்டும். வலது மூலையில் திருப்பும்போது பட்டி லேசாக மடங்கிவிட்டது. பாஸ் ஒன்றும் மறைக்கவில்லை. 'என் கை பிசகிருச்சு மிஸ்' என்று தானே காட்டினார். நிமிர்த்தினார், ஆனால் மடிப்பின் கோடு இன்னும் தெரிகிறது. பட்டிக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டார். அரை நட்சத்திரம் போனது இங்கேதான்.

பிறகு கயிறு. பென்சிலின் பாதித் தடிப்பில் நைலோன் கயிறு. பீடிங்கின் வெளித் தவாளிப்புக்குள் அதைச் சுற்றிலும் பதித்து, இரண்டு நுனியையும் கீழ் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டார்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்துப் பீடிங்கிலும் விளிம்பிலும் தாராளமாகத் தடவினார்கள். கிறீஸும் எண்ணெயும் கூடாது, அவை இந்த றப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

உதவிக்கு நிற்கும் தம்பி அந்த நேரம் பார்த்து சாப்பாடு எடுக்கப் போய்விட்டான். சவர்க்காரம் காய்கிறது. பாஸ் என்னைப் பார்த்தார்.

"மிஸ், உள்ளுக்கு ஏறுங்க."

வங்கியிலிருந்து அரை நாள் லீவில் வந்தவள் சாரியோடு டிரைவர் சீற்றில் ஏறினேன். வெளியே பாஸும் பக்கத்து டிங்கரும் கண்ணாடியைச் சட்டத்துக்கு நேரே பிடித்து, கீழே நடுவைப் பொருத்தி அழுத்தினார்கள். கயிற்று நுனி இரண்டும் என் மடியில். 'ஒண்ண மட்டும் புடிங்க. மேல இழுக்காதீங்க, கண்ணாடிக்கு நடுவப் பாத்து இழுங்க. மெதுவா.' இழுத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கயிறு ஒரு அங்குலம் வந்தது, அதோடு பீடிங்கின் உள் உதடு தகர விளிம்புக்கு மேலாக எழும்பி, 'ப்ளக்' என்று இந்தப் பக்கம் விழுந்தது. நான் இழுக்கும் இடத்துக்கு நேரே வெளியே பாஸ் உள்ளங்கையால் தட்டுகிறார். இழுக்க ஒரு தட்டு, இழுக்க ஒரு தட்டு. கீழ் விளிம்பு முடிந்து மூலைக்கு வந்தபோது கயிறு இறுகியது. எனக்கு அவசரம், ஒரு வெட்டு வெட்டி இழுக்கப் பார்த்தேன்.

"வேணாம்! ஒதடு கிழிஞ்சிரும்!"

நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர், இன்னும் நாலு தட்டு. லமினேட்டட் கண்ணாடிக்கு மூலையில் ஒரு பக்கமாய் அழுத்தம் விழுந்தால் போதும், கீறல் ஓடிவிடும். அதனால்தான் குத்தாமல் உள்ளங்கையால் தட்டுகிறார்களாம். மூலை வந்தது. இடது பக்கம், வலது பக்கம், கடைசியாக மேல். மேல் நடுவில் கயிறு முழுவதும் என் கையில் வந்து சேர்ந்தபோது விரல் இரண்டும் சிவந்து, சாரி மடியெல்லாம் நுரை. தம்பி சோற்றுப் பார்சலோடு வந்து நின்று பார்க்கிறான்.

மறுநாள் தண்ணீர்ப் பரிசோதனை. ஹோஸை மேலே பிடித்துக் கொட்டாமல் கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு பக்கமாக மேலே கொண்டுபோனார்கள். மேலிருந்து கொட்டினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாதாம். உள்ளே தம்பி ரோர்ச்சோடு குந்தியிருந்தான். ஒரு துளி இல்லை.

செலவு: டிங்கரும் பெயின்டும் சேர்த்து 38,000, பூட்டுக்கூலி 15,000, பட்டிக்குக் குறைத்த ஆயிரம் போக 52,000. பீடிங் என் மச்சாளின் கணக்கு, அவ காசு வாங்கவில்லை, ஒரு கிலோ யாழ்ப்பாண மிளகாய்த்தூள் கேட்டா. பாஸிடம் காசு மட்டும்தான், கார்ட் கிடையாது. முற்பணம் பாதி கேட்பார். வாகன வருமான உத்தரவுப்பத்திரத்தைக் கண்ணாடியிலிருந்து கிழியாமல் எடுத்து, பொலித்தீனில் போட்டு டாஷ்போர்ட்டுக்குள் வைத்திருந்தார். அந்த மாதிரி ஆள்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று என் வங்கித் தோழி கேட்டாள். தாராளமாகப் போகலாம். பத்தொன்பது நாளில் ஒருதடவைகூட மிஸ்டர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இருக்கத்தான் நல்ல இடமில்லை. ஒரு ரயர், அதன்மேல் ஒரு பலகை. கழிவறை பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

கார் வந்து நாலாம் நாள் இரவு பெரிய மழை. இரண்டு மணிக்கு எழும்பி, குடையும் ரோர்ச்சுமாகப் போய்க் காருக்குள் இருந்தேன். கண்ணாடியின் நாலு மூலையிலும் ரிஷ்யூ தாளைச் செருகி வைத்துக்கொண்டு கால் மணித்தியாலம். நாலும் காய்ந்தபடி. கீழே குனிந்து பார்த்தால் டாஷ்போர்ட்டுக்கு அடியில், வலது பக்கம், ஒரே ஒரு துளி தொங்குகிறது.

காலையில் போன் அடித்தேன். அதிசயம், முதல் தடவையிலேயே எடுத்தார்.

"அது கண்ணாடி இல்ல மிஸ். வைப்பர் தண்டு வழியா வருது, அதுல சின்ன றப்பர் ஒண்ணு இருக்கும். திங்கக்கெழம கொண்டாங்க. அர மணி நேர வேல."

அரை மணி நேரம் என்றால் இரண்டு நாள் என்று கணக்கு வைத்து, புதன்கிழமைக்கு ஓட்டோ சொல்லி வைத்திருக்கிறேன்.